ஏரி காத்த ராமர் எங்கள் தெருவுக்கு வரவில்லை

ஜனவரி 15, புதன் – மாட்டுப் பொங்கல், மடிப்பாக்கம்

பாளையங்கோட்டையிலிருந்து புறப்படும் முன்பே மாமாவிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தேன், இந்த முறை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நாம் இருவரும் போய்ப் பார்க்கிறோம் என்று. மாமா சிரித்தார். "அதை நாம் எதற்குப் போய்ப் பார்க்க வேண்டும்? அதுவே நம்மைப் பார்க்க வந்துவிடும்" என்றார்.

வந்து சேர்ந்த பிறகுதான் அந்தச் சிரிப்பின் பொருள் புரிந்தது. கூடத்தில் கதவு நிலையை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குச் சுவர் வெள்ளையடிக்கப்படாமல் பழுப்பேறிக் கிடக்கிறது. மாமா மகள் வளர்ந்த கணக்கைப் பென்சிலால் கோடு கோடாகக் குறித்து வைத்த இடம் அது. ஒன்றாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு. அதே பட்டையில், அதே பென்சிலால், தண்ணீருக்கும் மூன்று கோடுகள். 2005 அக்டோபர் கோடு கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. 2023 டிசம்பர் 4 முழங்காலைத் தாண்டி. 2015 டிசம்பர் 2ஆம் தேதிக் கோடு, மூன்றாம் வகுப்புக் கோட்டுக்கு நாலு விரல் கீழே. வெள்ளையடிக்க வருபவர்களிடம் அந்தப் பட்டையைத் தொடக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்று சொல்வாராம். "ஒருவருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. சுவருக்காவது இருக்கட்டும்" என்கிறார்.

மாமா 1994இல் மனை வாங்கியபோது சுற்றிலும் வயலும் கோரையும்தானாம். விற்ற தரகர் "நல்ல நீரோட்டம் உள்ள இடம்" என்று சொன்னாராம். பொய் சொல்லவில்லை.

காலையில் மாடி வீட்டு மாமி மொட்டை மாடியில் கணுப்பிடி வைத்தார். மஞ்சள் இலையில் மஞ்சள் சோறு, சிவப்புச் சோறு, வெள்ளைச் சோறு என்று சின்னச் சின்ன உருண்டைகள், பக்கத்தில் கரும்புத் துண்டு. கூடப்பிறந்தவர்கள் காக்கைக் கூட்டம் போலச் சேர்ந்து இருக்க வேண்டும் என்று வைப்பது. காக்கைகள் வந்தன. உருண்டைகளை எடுக்காமல் மாமி அந்தப் பக்கம் வைத்திருந்த வடையைத் தூக்கிக்கொண்டு போயின. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே உயரத்தில் நாலு கூழைக்கடாக்கள் இறக்கையை அசைக்காமல் மிதந்து கிழக்கே போயின. மாமி நிமிர்ந்து பார்த்து, "இவையும் ஏரிக்குத்தான் போகின்றன. இவற்றுக்கு எவ்வளவு பெரிய உருண்டை பிடிப்பது?" என்றார்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆட்டோவில் கிளம்பினோம். இருநூறு அடிச் சாலையில் உள்ள சூழல் பூங்காவுக்கு 150 ரூபாய் கேட்டார்கள். பண்டிகை நாள் என்று பேரம் பேசவில்லை. மாமா வாசல் வரை வந்தார். அதற்கு மேல் வர மறுத்துவிட்டார். "நீ பார்த்துவிட்டு வா, நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்."

உள்ளே நடைபாதை, உட்காரப் பலகைகள், பறவைப் படம் போட்ட தகவல் பலகைகள். நடப்பவர்களில் பாதிப் பேர் தண்ணீர்ப் பக்கம் திரும்பவே இல்லை. கையில் கட்டிய கருவியில் எத்தனை அடி என்று பார்த்துக்கொண்டே போகிறார்கள். குறை சொல்லவில்லை, ஊரில் நானும் கோட்டை வாசலைப் பார்க்காமல் நடப்பவன்தான். தண்ணீர் கரை தொட நிற்கிறது. நாமக்கோழிகள் நூற்றுக்கணக்கில், கறுப்பாக, நெற்றியில் வெள்ளை நாமத்தோடு. சம்பும் கோரையும் அடர்ந்த இடங்களில் நீலத் தாழைக்கோழிகள். அரிவாள் மூக்கன்கள் ஏழெட்டு. தெற்கிலும் மேற்கிலும் கண்ணாடி போர்த்திய கட்டடங்கள். வடக்கே பெருங்குடிக் குப்பை மேடு. காற்று அந்தப் பக்கமிருந்து திரும்பும்போதெல்லாம் நடப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். 2022 ஏப்ரலில் அந்த மேடு தீப்பிடித்து நாள் கணக்கில் எரிந்தது. அத்தை அந்த வாரம் முழுக்க ஜன்னலைத் திறக்கவில்லையாம். அதே ஆண்டு ஜூலையில்தான் இந்தச் சதுப்பு நிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

உலக்கை நீளத்துக்கு ஒரு லென்சைத் தோளில் சாய்த்தபடி ஓர் இளைஞர் நின்றிருந்தார். பூநாரை இருக்கிறதா என்று கேட்டேன். "இப்போது வராது சார். அதன் காலைவிட ஆழம் அதிகம். தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கினால்தான் தலையைக் கவிழ்த்து மேய முடியும்" என்றார். கேட்காமலேயே தன் கேமரா திரையில் போன ஆண்டு எடுத்த பூநாரைப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். பின்னால் சிவப்பு மண் லாரி தெரிந்த ஒரு படத்தைக் காட்டும்போது மட்டும், லாரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார்.

தண்ணீர் ஏன் இவ்வளவு நிற்கிறது என்பது வரைபடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். தாம்பரம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், வேளச்சேரி என்று தென்சென்னையின் ஏரிகள் ஒன்று நிரம்பி ஒன்றுக்கு வழிந்து, கடைசியில் எல்லாம் இங்கேதான் வந்து சேர்கின்றன. இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும். வருகிற வழி முப்பது, போகிற வழி ஒன்று. ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடந்த கழுவெளி இது. மிஞ்சியது அதில் சிறு பகுதி. நடுவில் சாலைகள் வேறு. நான் வந்த சாலையும் அதில் ஒன்று.

வெளியே வந்தபோது மாமா காவலாளியிடம் பேசிக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று கேட்டு விவரம் வாங்கிக்கொண்டிருந்தார். தேநீர் 15 ரூபாய், சர்க்கரை அதிகம்.

ஜனவரி 16, வியாழன் – காணும் பொங்கல், வேடந்தாங்கல்

காணும் பொங்கலன்று வேடந்தாங்கல் போவது முட்டாள்தனம் என்று அத்தை முதல் நாளே சொன்னார். நான்தான் கேட்கவில்லை. அத்தை அதோடு விடாமல் ஐந்து மணிக்கு எழுந்து கட்டுச்சாதம் கட்டிக் கொடுத்தார். புளியோதரை, தயிர்ச் சாதம், மோர் மிளகாய், ஒரு சின்ன டப்பாவில் மாவடு. தயிர்ச் சாதத்தில் பாலைக் கூடுதலாக ஊற்றியிருந்தார். மதியத்துக்குள் சரியாகப் புளித்துவிடும் என்ற கணக்கு.

தாம்பரத்தில் ஏறிய மேல்மருவத்தூர் ரயில் முழுக்கச் செவ்வாடை. இருமுடியை மடியில் வைத்திருந்த ஒரு பெண், மாமாவைப் பார்த்ததும் தன் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "தாத்தா, உட்காருங்கள்" என்றார். பிள்ளையின் இடம் அரை ஆள் இடம். மாமா செங்கல்பட்டு வரை அதில் ஒரு பக்கமாகவே உட்கார்ந்து வந்தார், எழுந்தால் அந்தப் பெண் வருத்தப்படுவார் என்று.

படாளத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. ஆளுக்கு 40 ரூபாய். சரணாலயத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பே வேன்களும் டிராக்டர்களும் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, "இனி நடைதான் வேகம்" என்றார். நடந்தோம். ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் மாமாவின் இடது செருப்பு வார் அறுந்தது. கையில் வைத்திருந்த துணிப்பையின் நாடாவைப் பிய்த்துக் கட்டிப் பார்த்தேன்; பத்தடி தாங்கியது. மாமா இரண்டையும் கழற்றிக் கட்டுச்சாதப் பைக்குள் போடப் போனார். நல்ல வேளை, தடுத்துவிட்டேன். தை மாதத்து வெயில்தான், ஆனாலும் தார்ச் சாலை. ஒரு வீட்டு வாசலில் மாட்டுக் கொம்புக்குப் பூசிய வர்ணம் கையில் ஒட்டியிருந்த ஒரு பெரியவர் மாமாவின் காலைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு ஜோடி ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து போட்டார். "திரும்பிப் போகும்போது இங்கேயே கழற்றிவிட்டுப் போங்கள் ஐயா. நான் இல்லாவிட்டாலும் திண்ணை இருக்கும்."

நுழைவுச்சீட்டு வரிசையில் முக்கால் மணி நேரம். உள்ளே ஏரிக்கரையில் கூட்டம், கூட்டத்துக்கு நடுவே பஞ்சு மிட்டாய். ஏரி என்று பார்த்தால் சிறியதுதான், முப்பது ஹெக்டேர் அளவு. ஆனால் தண்ணீருக்குள்ளேயே நீர்க்கடம்பும் கருவேலமும் நிற்கின்றன. ஒவ்வொரு மரத்திலும் மாடி மாடியாகக் கூடுகள். மேல் கிளையில் மஞ்சள் மூக்கு நாரை, கொஞ்சம் கீழே கரண்டிவாயனும் வெள்ளை அரிவாள் மூக்கனும், அதற்கும் கீழே நீர்க்காகம், பாம்புத்தாரா. எச்சம் படிந்து இலைகள் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துக் கிடக்கின்றன. கரையில் நின்றால் மீன் கவிச்சியும் கோழிப்பண்ணை வாடையும் கலந்து வருகிறது. பள்ளிக்கரணை வாடையோடு ஒப்பிட்டால் இது சந்தனம்.

எனக்குப் பக்கத்தில் ஓர் அப்பா தன் மகனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "இதெல்லாம் சைபீரியாவில் இருந்து முட்டை போட வந்திருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டில் எந்த ஏரிக்கரையில் நின்றாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்கிறார். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்ற வாத்துகள் வடக்கே வெகு தொலைவிலிருந்து வருகின்றன, உண்மைதான். ஆனால் அவை இங்கே கூடு கட்டுவதில்லை. இங்கே மரத்தில் குஞ்சு பொரித்துக் கொண்டிருக்கும் நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் நம் பக்கத்துப் பறவைகளே. மழையைப் பார்த்து இந்த ஏரிக்கும் அந்த ஏரிக்குமாக இடம் மாறுபவை. எங்கள் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் இதே மஞ்சள் மூக்கு நாரை வீட்டுக் கொல்லை வேப்பமரத்தில் கூடு கட்டும். அங்கே யாரும் அதைச் சைபீரியா என்று சொல்வதில்லை, "நம் ஊர்ப் பிள்ளை" என்பார்கள். அந்த அப்பாவிடம் இதைச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். பையன் முகத்தைப் பார்த்தேன். சைபீரியா என்ற சொல்லே அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. விட்டுவிட்டேன்.

இரண்டு மணிக்குக் கரையின் கடைசியில் ஒரு புங்கமரத்தடியில் கட்டுச்சாதத்தைப் பிரித்தோம். தயிர்ச் சாதம் அத்தையின் கணக்குப்படியே இருந்தது. பக்கத்தில் வெள்ளரிப் பிஞ்சு விற்ற பாட்டியிடம் 20 ரூபாய்க்கு நாலு வாங்கினோம். புளியோதரை கொஞ்சம் கொடுத்ததும் பாட்டி தன் கூடையிலிருந்து ஐந்தாவது பிஞ்சை எடுத்து வைத்தார்.

பாட்டிக்கு இந்த ஊர்தான். தீபாவளிக்கு இங்கே வெடி வெடிப்பதில்லை என்று கேள்விப்பட்டேன், உண்மையா என்று கேட்டேன். "குஞ்சு இருக்கும்போது யாராவது வெடிப்பார்களா?" என்று திருப்பிக் கேட்டார். மாமா விடவில்லை. இத்தனை பறவையால் உங்களுக்கு என்ன லாபம் என்றார். பாட்டி ஏரியின் மதகுப் பக்கம் கையைக் காட்டினார். எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது, அதுவே பாதி உரம். இந்தக் கணக்குப் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, இங்கே பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் முறையிட்டு, செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் கவுல் என்னும் எழுத்து உறுதி வாங்கிவிட்டார்கள். வேட்டைக்காரர்கள் தங்கிய இடம் என்று பேர் வாங்கிய ஊரில்தான் இது நடந்தது. இரண்டு நூற்றாண்டு கழித்து, 2020இல், சரணாலய எல்லையான ஐந்து கிலோமீட்டரைக் குறைக்க ஒரு யோசனை வந்தது. எதிர்ப்பு பலமாக இருந்ததால் கைவிடப்பட்டது.

மாமா வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "இவர்கள் ஏரிக்கு வெளியே வீடு கட்டியிருக்கிறார்கள்."

நாலரைக்குப் பிறகுதான் வேடந்தாங்கல். அதற்கு முன் பார்த்ததெல்லாம் சும்மா. இரை தேடப் போனவை மேற்கிலிருந்து வரிசை வரிசையாகத் திரும்ப ஆரம்பித்தன. கூடு நெருங்கியதும் குஞ்சுகள் எழுப்பும் சத்தம், ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்துவிட்டது என்று தெரிந்த தருணம் போல. பெரிய நாரைகளுக்குக் குரல் சரியில்லை. அலகைக் கடகடவென்று அடித்தே பேசிக்கொள்கின்றன. எங்களுக்கு நாலடி தள்ளி ஓர் இளைஞர் கூட்டம் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டது. வனக் காவலர் வருவதற்குள் வெள்ளரிப் பாட்டி எழுந்து போனார். திட்டவில்லை. பெட்டியைச் சுட்டிக்காட்டி, "இதை நிறுத்தினால் அது கேட்கும்" என்று மட்டும் சொன்னார். நிறுத்தினார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர்களில் ஒருவன் அந்தச் சத்தத்தைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டிருந்தான்.

செருப்பைத் திண்ணையில் விட்டோம். பெரியவர் இல்லை; மீதமிருந்த மாவடு டப்பாவைச் செருப்பின் பக்கத்தில் மாமா வைத்தார். டப்பா போய்விட்டதே என்று அத்தை பிறகு கேட்டபோது அது என் தலையில் விழுந்தது.

பஸ்ஸைத் தவறவிட்டோம். கரும்பு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ஒரு குட்டியானை நின்றது. மாமா முன்னால், நான் பின்னால் கரும்புத் தோகை மேல். மதுராந்தகத்தில் இறங்கிக் காசு நீட்டியபோது, "பெரியவருக்கு வேண்டாம். உங்களுக்கு ஐம்பது" என்றார் ஓட்டுநர். நியாயமான கட்டணம்தான், ஆனால் பின்னால் நின்றவனுக்குத்தானே குறைக்க வேண்டும்? விடுதி அறை 900 ரூபாய். கொசுவலை கேட்டேன். "மின்விசிறியை ஐந்தில் வையுங்கள்" என்றார்கள்.

ஜனவரி 17, வெள்ளி – மதுராந்தகம், கரிக்கிலி

காலையில் செருப்புக் கடை திறக்க ஒன்பது மணியாகும் என்றார்கள். வெறுங்காலோடு போகக்கூடிய இடம் கோவில்தான் என்று ஏரிகாத்த ராமரைப் பார்க்கப் போனோம்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததே. மதுராந்தகம் ஏரி பெருமழையில் உடைந்து உடைந்து போகும். அந்த முறையும் உடையப் போகிறது என்று பயந்த கலெக்டர் இரவில் கரையைப் பார்க்க வந்தார். வில்லும் அம்புமாக இரண்டு இளைஞர்கள் கரைமேல் காவல் நடந்துகொண்டிருப்பதைக் கண்டார். கரை நின்றது. நேர்ந்துகொண்டபடி ஜனகவல்லித் தாயார் சன்னிதியைக் கட்டிக் கொடுத்தார். கல்வெட்டிலும் அவர் பெயர் இருக்கிறது. அந்தக் கலெக்டர்தான், நேற்று பார்த்த வேடந்தாங்கலுக்குக் கவுல் கொடுத்த அதே பிளேஸ் துரை. மாமாவுக்கு இது தெரியாது. சொன்னதும் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே ஆள்தானா?"

"ஒரே ஆள்தான்."

கொஞ்ச நேரம் கழித்து, "2015இல் ராத்திரி ரெண்டு மணிக்கு நானும் மொட்டை மாடியில் நின்று பார்த்தேன். எங்கள் தெருவுக்கு ஒருவரும் வரவில்லை. படகில் வந்த மீனவர்களைத் தவிர" என்றார். இன்னும் ஏதோ சொல்வார் என்று பார்த்தேன். பிரசாத கவுண்டரில் புளியோதரை வந்துவிட்டது என்று எழுந்துவிட்டார். 30 ரூபாய். சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: அத்தையின் புளியோதரையைவிட நன்றாக இருந்தது. மாமாவும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். இரண்டாவது தொன்னை வாங்கினார்.

செருப்பு 280 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு கரிக்கிலிக்கு ஆட்டோ. போய், காத்திருந்து, திரும்ப 600. வேடந்தாங்கலிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் இந்தச் சரணாலயமும் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததுதான். பரப்பும் வேடந்தாங்கலைப் போல இரண்டு மடங்கு. ஆனால் நாங்கள் போனபோது எங்களைத் தவிர இருந்தவை நாலு ஆடுகளும் அவற்றின் சொந்தக்காரரும். வாத்துகள் நடுத்தண்ணீரில் திட்டுத் திட்டாகத் தூங்கிக்கொண்டிருந்தன. தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தால் பூஞ்சை பிடித்த லென்சில் எல்லாமே பனிக்குள் தெரிந்தன. அதை ஊரிலேயே பார்த்திருக்க வேண்டும்.

ஏரியைவிட அதை ஒட்டிய வயல்தான் வாய்த்தது. வரப்பிலிருந்து பத்தடியில் ஒரு நத்தைகுத்தி நாரை. அதன் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி நிற்கும், பாக்குவெட்டி போல. அந்த இடைவெளியில் நத்தையை வைத்து நசுக்கும் என்றுதான் நான் இத்தனை நாளாக மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். நசுக்கவில்லை. நத்தையைச் சேற்றில் மேலலகால் அழுத்திப் பிடித்துக்கொண்டது. கீழலகின் கூரான நுனியை ஓட்டின் வாய்க்குள் நுழைத்தது. தலை லேசாக நடுங்கியது, பூட்டுக்குள் சாவி சிக்கிக்கொண்டவர் போல இப்படியும் அப்படியும் திருகியது. இருபது எண்ணுவதற்குள் உள்ளே இருந்தது முழுதாக வெளியே வந்துவிட்டது. விழுங்கிவிட்டு அடுத்ததைத் தேடி நடந்தது. அது போனதும் இறங்கி எடுத்துப் பார்த்தேன்: ஓட்டில் ஒரு கீறல் இல்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை வகுப்பில் காட்டி, நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும்.

ஆட்டுக்காரர் அதுவரை எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதைப் பார்க்கவா மெட்ராஸிலிருந்து வந்தீர்கள்?" என்று கேட்டார். மாமா, "இல்லை, இவன் திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறான்" என்று என்னைக் கைகாட்டித் தப்பித்துக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் நின்றுகொண்டே வந்தோம். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

ஜனவரி 18, சனி – மறுபடியும் பள்ளிக்கரணை

தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். மடிப்பாக்கத்தில் அது புகையோடு சேர்ந்து மூக்கையும் துளைக்கிறது. ஐந்தரைக்கு எழுந்து நான் மட்டும் கிளம்பலாம் என்று கதவைத் திறந்தால், மாமா குரங்குக் குல்லாயோடு திண்ணையில் தயாராக உட்கார்ந்திருந்தார். புதுச் செருப்பு. "நடந்து பழக வேண்டுமே, கடிக்கிறது" என்று ஒரு காரணம் சொன்னார்.

இந்த முறை வாசலில் உட்காரவில்லை. உள்ளே வந்தார், ஆனால் பறவையைப் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தார். கரைச் சுவரில் ஈரம் காய்ந்த கறையைக் கண்டுபிடித்து, குனிந்து விரற்கடையால் அளந்தார். "டிசம்பரில் இங்கே வரை நின்றிருக்கிறது. அப்போது எங்கள் தெருமுனையில் வாய்க்கால் எதிர்த்துக்கொண்டது. சரியாகத்தான் இருக்கிறது." ஆகாயத்தாமரை மிதந்து கிடந்த ஓர் இடத்தில் இலைக்கோழி ஒன்று நீண்ட விரல்களைப் பரப்பி இலைமேல் நடந்தது. நீளவால் இலைக்கோழிதான், ஆனால் இந்தப் பருவத்தில் வால் இராது, மாமாவிடம் பெயரைச் சொன்னால் "வால் எங்கே?" என்று கேட்பார் என்பதால் சொல்லவில்லை.

சாலை விழித்துக்கொள்ள ஆரம்பித்தது. குப்பை லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வடக்கே போயின. பனி கொஞ்சம் விலகியதும் மாமா நின்ற இடத்துக்கு நேர் கீழே, சம்புப் புதரிலிருந்து ஒரு நீலத் தாழைக்கோழி வெளியே வந்தது. கோழி அளவு உடம்பு, மயில் கழுத்து நிறம், சிவந்த அலகு, சிவந்த நெற்றி. இளஞ்சம்புத் தண்டு ஒன்றை வேரோடு பிடுங்கி, ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் விரல்களால் அதை மடக்கிப் பிடித்துக்கொண்டு அடிப்பக்கத்து வெள்ளைக் குருத்தைக் கடித்துக் கடித்துத் துப்பியது. பொங்கல் கரும்பைக் கையில் பிடித்த பிள்ளை அப்படித்தான் கடிக்கும். வாலை மேலும் கீழும் வெடுக் வெடுக்கென்று ஆட்டியது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பின்பக்கத்து வெள்ளை தெரிந்து மறைந்தது.

மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். ஒரு தண்டு முடிந்தது, அடுத்ததைப் பிடுங்கியது. அதுவும் முடிந்தது. நான் கைபேசியில் இரண்டு படம் எடுத்துவிட்டு, போகலாமா என்று கேட்க வாயெடுத்தேன்.

"இது எங்கள் கொல்லையில் இருந்தது" என்றார்.

"எப்போது?"

"அஸ்திவாரம் போட்டபோது. கிணற்றடிப் பக்கம் இதே கோரை. காலையில் இது குடும்பத்தோடு வந்து நிற்கும். கொத்தனார் காட்டுக்கோழி என்று சொன்னார், நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். மண் லாரி வந்து கொட்டக் கொட்ட ஓரமாக நகர்ந்து நகர்ந்து நின்றது. பதினெட்டு லோடு. லோடு நூற்றைம்பது ரூபாய் அப்போது."

தாழைக்கோழி புதருக்குள் போய்விட்டது. போன பிறகும் மாமா அந்தச் சம்பு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வீடு திரும்பும்போது மணி எட்டரை. வழியில் கீரைக்காரரிடம் முளைக்கீரை இரண்டு கட்டு 40 ரூபாய்; ஏரிக்கரைக் கீரையா என்று மாமா சந்தேகத்தோடு முகர்ந்து பார்த்து வாங்கினார். புதுச் செருப்பு இரண்டு குதிகாலையும் கடித்திருந்தது. அத்தை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"மூன்று நாளாக மாமனும் மருமகனும் ஊரெல்லாம் சுற்றினீர்களே, அப்படி என்னதான் பார்த்தீர்கள்?"

"கொசு" என்றார் மாமா. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கால் கழுவக் கிணற்றடிப் பக்கம் போனார்.